தறிகள் நின்ற அரை நிமிடம்

கேபிள் வெட்டும் கட்டரும் சாதாரண கட்டிங் பிளேயரும் ஒன்றல்ல. பிளேயரின் இரண்டு வாய்களும் நேராக வந்து மோதும். அதில் தடித்த கேபிளை வைத்தால் வெட்டுப்படுவதற்கு முன்பே நசுங்கிவிடும். கேபிளின் நடுவில் ஒரு செம்புக் கம்பி ஓடுகிறது. அதைச் சுற்றி வெள்ளை நுரை, அதற்கு மேல் அலுமினியத் தாள், பிறகு பின்னிய வலை, கடைசியில் கறுப்பு உறை. கம்பி நடுவிலிருந்து பிசகாமல் இருந்தால்தான் படம் தெளிவாக வரும். கேபிள் நசுங்கினால் படத்தில் நிழல் விழும். அதனால் கேபிள் கட்டருக்கு வாயைப் பிறை போல வளைத்திருப்பார்கள். ஒரு வாய் கேபிளை அணைத்துப் பிடித்துக்கொள்ளும். இன்னொரு வாய் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும். சத்தம் வராது.

அப்படி ஒரு கட்டரால்தான் ஆதீஷின் வலது கையில் இரண்டு விரல்களை வெட்டினார்கள். கட்டர் அவனுடையது. அவன் இடுப்பிலிருந்தே உருவினார்கள்.

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் வீட்டுக்கு வீடு தறி ஓடும் ஒரு தெரு அது. ஆதீஷும் அவன் அக்காள் கணவர் வர்த்தமானனும் அங்கே கேபிள் டிவி நடத்திவந்தார்கள். கேபிள் தொழில் தண்ணீர்க் குழாய் மாதிரி. மொட்டை மாடி டிஷ்ஷில் விழும் படம் ஒரே தடித்த கேபிளில் புறப்பட்டு, தெருவுக்குத் தெரு ஆம்ப்ளிபயர் என்ற சின்னப் பெட்டியில் தெம்பு ஏற்றிக்கொண்டு, வீடு வீடாகப் பிரிகிறது. ஒரு பெட்டியைப் பிடுங்கினால் அதற்கு அப்பால் உள்ள வீடுகள் எல்லாம் இருட்டு. பிடுங்கியவன் அடுத்த நாள் தன் கேபிளைக் கொண்டுவந்து கட்டுவான். ஊரின் பாதியை அப்படித்தான் வீரபாகு என்பவன் பிடித்திருந்தான். இந்தத் தெருவைக் கேட்டுப் பார்த்தான். ஆதீஷ் தர மறுத்தான்.

பங்குனி மாதத்து மதியம். ஆதீஷ் கம்பத்தின்மேல் ஆம்ப்ளிபயரைத் திறந்துகொண்டிருந்தபோது வீரபாகுவின் ஆட்கள் வந்து ஏணியை உலுக்கிக் கீழே தள்ளினார்கள். ஒருவன் அவன் முதுகில் முழங்காலை ஊன்றினான். ஒருவன் கையை விரித்துப் பிடித்தான். வீரபாகுவின் லைன்மேன் முனுசாமி விழுந்த ஏணியை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள, இன்னொருவன் மேலேறிப் பெட்டியைக் கழற்றினான். வேறொருவன் கட்டரால் வெட்டினான். விரல்கள் மண்ணில் கிடந்தன. போகும்போது பைக் சக்கரம் அவற்றின்மேல் ஏறிப் போனது.

போலீஸ் வந்து விசாரித்தது. தெருவில் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: தறி ஓடிக்கொண்டிருந்தது, எதுவும் கேட்கவில்லை. வெட்டியவர்கள் அன்று முழுக்கத் திருமுக்கூடலில் ஒரு கல்யாணத்தில் இருந்ததாகச் சொன்னார்கள். அதற்குச் சாட்சியாகக் கல்யாண வீட்டார் பத்துப் பேர் வந்தார்கள்.

"உங்க பக்கம் ஒரே ஒரு ஆள் வேணும்," என்றார் இன்ஸ்பெக்டர். "தெருவில இருந்து ஒருத்தர் பாத்தேன், கேட்டேன்னு சொன்னா போதும். இல்லைன்னா என் கையில ஒண்ணும் இல்லை."

ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு ஆதீஷ் படுத்திருந்தான்.

"மாமா, தறி நின்னுச்சு மாமா."

"எப்ப?"

"மொத வெரல வெட்டுனாங்க இல்ல, நான் கத்துனேன், அப்ப. மொதல்ல குமாரசாமி அண்ணன் வூட்டுது நின்னுச்சு. அப்பறம் எதிர் வூட்டுது. அப்பறம் ஒண்ணொண்ணா. தெரு பூரா கம்முனு ஆயிடுச்சு. யாரோ வரப்போறாங்கன்னு நெனைச்சேன். அவனுங்களும் அப்டித்தான் நெனைச்சானுங்க. ஒருத்தன் புடிய தளத்திட்டான்." ஆதீஷ் கட்டுப்போட்ட கையைப் பார்த்தான். "அப்பறம் மறுபடி ஓட ஆரம்பிச்சுது. அதுக்கப்பறம்தான் ரெண்டாவது வெரல வெட்டுனானுங்க."

வர்த்தமானன் இங்கிலாந்தில், லெஸ்டர் நகரத்தில், டிவி பழுது பார்க்கும் கூடம் ஒன்றில் சில வருடம் வேலை பார்த்தவர். அங்கே சரிசெய்த பெட்டியை உடனே வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். சில கோளாறுகள் பெட்டி சூடேறிய பிறகுதான் தலைகாட்டும். ஆகவே நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்ப்பார்கள். சுவர் நிறைய அலமாரி, அலமாரி நிறையப் பெட்டிகள், எல்லாவற்றிலும் ஒரே படம். நிகழ்ச்சிகள் அவரை இழுக்கவில்லை. இடையில் வந்த விளம்பரங்கள் இழுத்தன. ஒரு கதவுப் பூட்டுக்கான விளம்பரத்தில் பூட்டே இல்லை. ஒரு திருடன் வாசற்படியில் உட்கார்ந்து, கையுறையைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் பேருந்துக்குக் காத்திருந்தான். அவ்வளவுதான். அரை நிமிடத்துக்குள் ஒருவன் தொழிலை விட்டுவிட்டான் என்று நமக்குப் புரிந்துவிடும். எப்படிப் புரிந்தது என்று வர்த்தமானன் அடுத்த முறை அது வரும்போது கவனிப்பார். அதற்கடுத்த முறை சத்தத்தை மூடிவிட்டுக் கவனிப்பார். பிறகு படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்பார். ஒரு கடிகாரத்தைப் பிரிப்பதுபோல அவற்றைப் பிரித்துப் பிரித்து வைத்திருந்தார்.

அவர் மறக்காத ஒன்று சாலைப் பாதுகாப்புக்காக வந்தது. ஒரு தாய் சின்னப் பள்ளிச் சட்டை ஒன்றை இஸ்திரி போடுகிறாள். ரேடியோவில் பாட்டு. வெளியே ஒரு கார் பிரேக் போடும் சத்தம். அவள் கை நிற்கிறது. இஸ்திரிப்பெட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடுகிறாள். கேமரா அவள் பின்னால் போவதில்லை. சட்டையிடமே நிற்கிறது. பாட்டு தொடர்கிறது. வெள்ளைத் துணி மஞ்சளாகிறது, பழுப்பாகிறது, புகைகிறது. கடைசியில் ஒரு வரி: மெதுவாக ஓட்டுங்கள்.

முதன்முதலாக அது ஓடியபோது கூடத்தில் இருந்த எல்லோரும் சால்டரிங் கோலைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"அதுல ஒரு சொட்டு ரத்தம் இல்ல, சுகுமாரி," என்று அவர் மனைவியிடம் பல முறை விளக்கியிருக்கிறார். "கொழந்தையையே காட்டல. காட்டியிருந்தா நாம மொகத்தத் திருப்பிக்கலாம். காட்டாததால என்ன ஆவுது? பாக்கறவனே அந்தக் கொழந்தைய ரோட்டுல கெடத்திடறான். படம் எடுத்தவன் செய்யல, இவன்தான் செய்யறான்."

ஊர் திரும்பியதும் உள்ளூர் சேனலுக்கு அவர் அப்படிச் சில விளம்பரங்கள் எடுத்தார். ஒரு பட்டுப்புடவைக் கடைக்காக எடுத்தது ஊரெல்லாம் பேசப்பட்டது. அதில் புடவை இல்லை, நகைபோட்ட பெண் இல்லை. தறியில் ஒரு கை மட்டும். குமாரசாமியின் கை, விரலில் செம்பு மோதிரம். குறுக்கு நூலைச் சுமக்கும் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிறது. திடீரென்று கை நிற்கிறது. நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் ஒரே ஓர் இழை அறுந்திருக்கிறது. கை அதைத் தேடி எடுத்து, முடிச்சுப் போட்டு, மறுபடி ஓட்டுகிறது. கை அப்படி நிற்பதில்தான் முழு விளம்பரமும் இருந்தது. குமாரசாமி அந்தத் தெருவில் நெசவாளர்களுக்கு மூத்தவர். விளம்பரம் வந்த பிறகு கோயிலுக்குப் போனால் அவர் கையைத் தொட்டுப் பார்த்தார்கள்.

இப்போது வர்த்தமானன் அந்த டேப்பை எடுத்தார்.

இரண்டு வீடியோ பிளேயர் இருந்தால் போதும். ஒன்றில் ஓட்டி மற்றதில் பதிய வேண்டும். தேவையான இடத்தில் நிறுத்தித் தேவையான இடத்தில் தொடர வேண்டும். சத்தத்தைத் தனியாக ஏற்றலாம். குமாரசாமியின் கை நிற்கும் காட்சியை எடுத்துக்கொண்டார். இழை தெரியும் காட்சியை விட்டுவிட்டார். இழையைக் காட்டினால் அது வேலையில் உள்ள கவனம். காட்டாவிட்டால் அதற்கு முன்னால் எந்தச் சத்தத்தை வைக்கிறோமோ, அதற்காகத்தான் கை நின்றது என்று ஆகிவிடும். முன்னால் மழைச் சத்தத்தை வைத்தால், மாடியில் காயும் துணியை நினைத்து நின்ற கை. கொலுசுச் சத்தத்தை வைத்தால் காதல்.

அவர் வைத்தது, மூங்கில் ஏணி மண்ணில் விழும் சத்தம். அதன் பிறகு ஒரு செருப்பு தரையில் தேய்ந்துகொண்டே போகும் சத்தம். மொட்டை மாடியில் தானே செருப்பை இழுத்துப் பதிந்தார். அலறல் வைக்கவில்லை.

முடித்ததும் சுகுமாரிக்குப் போட்டுக் காட்டினார். பல தறிகள் ஓடும் சத்தம். ஏணி விழுகிறது. செருப்பு தேய்கிறது. மோதிரக் கை நிற்கிறது. ஒரு தறிச் சத்தம் அடங்குகிறது; இன்னொன்று; இன்னொன்று. முழு அமைதி. செருப்பு மட்டும் தேய்கிறது. பிறகு மோதிரக் கை மறுபடி அசைகிறது. எல்லாத் தறிகளும் ஓடுகின்றன, செருப்புச் சத்தம் அவற்றுக்குள் மூழ்கிப்போகிறது. கறுப்புத் திரையில் ஒரு வரி: அன்று மதியம் தறிச் சத்தத்தில் எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை.

சுகுமாரி சன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நயினார் என்று ஊர் கூப்பிடும் சமணக் குடும்பம், விளக்கு வைப்பதற்கு முன் சாப்பிட்டு முடிக்க வேண்டும். அவள் தட்டைத் தொடவில்லை.

"வேணாங்க," என்றாள்.

"ஏன், நல்லா இல்லையா?"

"நல்லா இருக்குது. அதான் வேணாங்கறேன். எனக்கே யாரையாவது அடிக்கணும் போல இருக்குது. அவன் எனக்குத் தம்பி, எனக்கு இருக்கலாம். ஊருக்கு எதுக்கு?"

"அடிக்கச் சொல்லலையே. ஒருத்தர் வந்து சொல்லட்டும்னுதான். இதுல ஒரு அடி இருக்குதா பாரு."

"செய்யறது, செய்ய வெக்கறது, செஞ்சதச் சரின்னு ஏத்துக்கறது. மூணும் ஒண்ணுன்னு நமக்குப் பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடியே கோயில்ல சொல்லிக் குடுத்தாங்க. இதப் பாத்து எவனாவது கைய ஓங்குனான்னா, அது உங்க கைதான்."

"நான் தண்ணியக்கூட வடிகட்டித்தான் குடிக்கறேன் சுகுமாரி," என்றார் வர்த்தமானன். அது உண்மைதான்.

பிடுங்கிய இடத்தில் புதுப் பெட்டி கட்டியாகியிருந்தது; விளம்பரம் உள்ளூர் சேனலில் தினமும் சாயங்காலப் படத்தின் இடைவேளையில் ஓடியது. முதல் நாள் தெரு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் பெரிய காஞ்சிபுரத்தில் டீக்கடைகளில் பேசினார்கள். சந்தையில் இந்தத் தெருக்காரன் ஒருவன் விலை கேட்டபோது, "என்னண்ணே, காது கேக்கலையா? தறி ஓடுதா?" என்று கடைக்காரன் கேட்டானாம். அன்று முதல் அந்தத் தெருவுக்கே அது பேராகிவிட்டது.

குமாரசாமி மொட்டை மாடியில் இருந்த கேபிள் கண்ட்ரோல் ரூமுக்கு ஏறி வந்தார். வாசலிலேயே நின்றார்.

"நயினாரே, அது நூலு அறுந்ததுக்கு நின்ன கைப்பா."

"ஆமாண்ணே."

"வாலாஜாலேர்ந்து எங்க சம்பந்தி வந்திருந்தாங்க. டிவி போட்டு வுட்டுட்டு காப்பி குடுத்துக்கினு இருக்கறோம். அது வருது. அவரு டிவியில மோதிரத்தப் பாக்கறாரு. அப்பறம் என் கையப் பாக்கறாரு. காப்பிய அப்டியே வெச்சுட்டாரு."

"அன்னைக்கு உங்க தறி நின்னுச்சா இல்லையாண்ணே?"

குமாரசாமி மோதிரத்தைத் திருகினார். "நின்னுச்சு."

"அப்ப பொய் என்ன இருக்குது?"

"நின்னுச்சுன்னு எனக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியும். வாலாஜாவுக்கு எதுக்குப்பா தெரியணும்?"

"ஸ்டேஷனுக்கு வந்து சொல்லிடுங்க. இப்பவே எடுத்துடறேன்."

"வீரபாகு ஆளுங்களப் பகச்சுக்கச் சொல்றியா?"

"வாயத் தொறக்கச் சொல்றேன்."

"வாயி எனக்கு வராது," என்றார் குமாரசாமி. கையை விரித்து, சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ கையத்தான காட்டுன."

அவர் இறங்கிப் போனார். அந்தக் கடைசிப் பேச்சை நினைத்துப் பார்க்க வர்த்தமானனுக்கு நேரமில்லை. அடுத்த நாள் காலையிலேயே குமாரசாமியின் எதிர்வீட்டுக் கமலாட்சி வந்தாள். புருஷனை இழந்தவள், பிள்ளைகள் தறி நெய்கிறார்கள், அவள் நூல் இழைக்கிறாள்.

"அந்தச் செருப்பு இழுக்கற சத்தம் காதுலயே நிக்குதுங்க," என்றாள். "சோறு எறங்கல. நான் சன்னல் வழியா பாத்தேன். மூஞ்சியெல்லாம் தெரியும் எனக்கு. அமாவாசை போவட்டும், மறுநாள் வந்து சொல்லிடறேன்."

விளம்பரம் வேலை செய்துவிட்டது. வர்த்தமானன் ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய் ஆதீஷிடம் சொன்னார். ஆதீஷ் சிரிக்கவில்லை. "ஒரு பொம்பள வந்து சொல்லணுமா மாமா," என்றான். அன்று மாலையே கட்டுப்போட்ட கையோடு வீடு திரும்பினான்.

அமாவாசையன்று அந்த ஊரில் தறி ஓடாது. அன்று நாடாவைத் தொட மாட்டார்கள். தறிக்குழி மூடியிருக்கும். ஆண்கள் வேட்டி மடித்துக்கட்டித் தெருவில் நிற்பார்கள். பெண்கள் கோயிலுக்குப் போவார்கள். அந்த ஊரில் பிறந்த யாருக்கும் அது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமையை மறப்பான், அமாவாசையை மறக்க மாட்டான்.

மதியம் வர்த்தமானன் கண்ட்ரோல் ரூமில் இருந்தார். விளம்பரத்தை எப்படியும் நிறுத்த வேண்டும் என்று வீரபாகு முனுசாமியை அனுப்பியிருந்தான். அமாவாசையென்றால் தெருவில் பாதிப் பேர் கோயிலில் இருப்பார்கள், போய்ப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு வந்துவிடு என்று சொல்லியனுப்பியிருக்கிறான். முனுசாமி அதே கம்பத்தில் ஏறினான். கீழே ஏணியைப் பிடிக்க அன்று யாருமில்லை.

லைனைச் சோதிக்கத் தெருக் கேபிளின் முனையில் மாட்டியிருந்த மாடி டிவியின் திரை திடீரென்று வெறும் புள்ளிகளானது. யாரோ கத்தும் சத்தம் வந்தது. வர்த்தமானன் எழுந்தார்.

அப்போது ஒரு தறி ஓட ஆரம்பித்தது.

அது குமாரசாமி வீட்டுத் தறி. அதன் நாடாப் பெட்டியில் ஒரு பக்கம் லேசாக உடைந்திருக்கும். தட்டும்போது இரட்டைச் சத்தம் வரும். அவர் அதை எத்தனை முறை டேப்பில் கேட்டிருக்கிறார். அடுத்து அதற்குப் பக்கத்து வீடு. அடுத்தது அடுத்தது. கமலாட்சி வீடு ஒன்று தவிர எல்லாம். தன் விளம்பரத்தைப் பின்னாலிருந்து முன்னால் ஓட்டுவது போல இருந்தது அவருக்கு. அங்கே தறி நின்றதால் தெரு மாட்டிக்கொண்டது. இந்த முறை மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று ஓட்டுகிறார்கள்.

அவர் படிகளில் விழுந்து எழுந்து ஓடினார்.

முனுசாமி கம்பத்தடியில் மண்ணில் கிடந்தான். ஏணியை உலுக்கித் தள்ளியதில் அவனுடைய ஒரு கால் முழங்காலுக்குக் கீழே தவறான பக்கம் திரும்பியிருந்தது. தெருப் பையன்கள் அவன் விலாவில் மாறி மாறி மிதித்தார்கள். ஒவ்வொரு மிதிக்கும் வாயிலிருந்து காற்றும் ரத்தமும் சேர்ந்து வந்தன. ஒருவன் தறியிலிருந்து கழற்றிய மிதிகட்டையால் அவன் தோளில் அடித்தான். எலும்பு உடைவது, எவ்வளவு தறி ஓடினாலும், பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்கத்தான் செய்யும்.

"நான் ஏணிதான் புடிச்சேன்," என்றான் முனுசாமி. "ஏணிதாம்பா புடிச்சேன். என்னைய வுட்டுருங்க."

ஆதீஷ் அவன் வலது மணிக்கட்டின்மேல் முழங்காலை ஊன்றியிருந்தான். இடது கையில் கேபிள் கட்டர். பழக்கமில்லாத கையால் அதன் வாயைத் திறக்க முடியாமல் பல்லால் ஒரு பிடியைக் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தான்.

"வெரல விரிச்சுப் புடிங்கடா," என்றான்.

ஒருவன் விரித்துப் பிடித்தான்.

வர்த்தமானன் முனுசாமியின்மேல் குப்புற விழுந்தார். அப்படி விழ வேண்டும் என்று யோசிக்கவில்லை. அவனுடைய விரல்களைத் தன் உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார். ரத்தத்தில் கை வழுக்கியது. முதுகில் ஒரு உதை விழுந்தது. யார் கிடப்பது என்று தெரியாமல் விழுந்தது. பிறகு தெரிந்தும் ஒன்று விழுந்தது.

"நவுருங்க மாமா."

"நவுர மாட்டேன்."

"அவன் ஏணி புடிச்சான் மாமா."

"தெரியும்டா. வுட்டுரு. நாளைக்குக் கமலாட்சி வந்து சொல்றேன்னு இருக்குது. எல்லாம் போயிடும்டா ஆதீஷ்."

"நீங்கதான காட்டுனீங்க," என்றான் ஆதீஷ். குழந்தை மாதிரி அழுதுகொண்டிருந்தான். கட்டரின் வாய் திறந்திருந்தது. "தெனம் சாயங்காலம் நீங்கதான போட்டுப் போட்டுக் காட்டுனீங்க."

வர்த்தமானன் முனுசாமியின் விரல்களை இன்னும் இறுக்கிப் பிடித்தார். தலையைத் தூக்கிப் பார்த்தார். ஆதீஷுக்குப் பின்னால் குமாரசாமி நின்றிருந்தார், பாவு சுற்றும் கட்டையை இரண்டு கையாலும் ஓங்கியபடி. மோதிரம் வெயிலில் மின்னியது. முதல் அடி வர்த்தமானனின் முழங்கையில் விழுந்தது. கை தானாகத் திறந்துகொண்டது. இரண்டாவது அடி அவர் தோளுக்குப் பக்கத்தில், முனுசாமியின் தலையில் விழுந்தது. மூன்றாவதும் அங்கேயேதான்.

அதற்குப் பிறகு முனுசாமி ஏணியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

ஆதீஷ் கட்டரைக் கீழே போட்டான். குமாரசாமி கட்டையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். அவர் வீட்டுத் தறி நின்றது. பிறகு மற்றவை ஒவ்வொன்றாக நின்றன.

முனுசாமியை ஆம்புலன்ஸில் சென்னைக்குக் கொண்டுபோகும்போது வழியிலேயே உயிர் போய்விட்டது. திருப்பிக் கொண்டுவந்து கிடத்தினார்கள். தாமலிலிருந்து அவன் மனைவி வள்ளி வந்து ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சுகுமாரி அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். யார் என்று வள்ளி கேட்கவில்லை, சுகுமாரியும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் இன்ஸ்பெக்டர் வர்த்தமானனின் கட்டிலுக்கு வந்தார். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், ஊருக்கு மாற்றலாகி வந்து அதிக நாள் ஆகவில்லை. வர்த்தமானனின் கை தோள்வரை மாவுக்கட்டில் இருந்தது. சுகுமாரி உள்ளே வந்து, இன்ஸ்பெக்டருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுச் சுவரோரம் நின்றாள்.

"உங்க தெருவில வீடு வீடா கேட்டுட்டேன்," என்றார் இன்ஸ்பெக்டர். "எல்லாரும் ஒண்ணுபோலச் சொல்றாங்க. தறியில உக்காந்திருந்தோம், தறிச் சத்தத்தில எதுவும் கேக்கலைன்னு. நீங்க ஓடி வந்து பாக்கறப்ப அவன் கீழ கிடந்தான், கம்பத்தில இருந்து விழுந்துட்டான், அவனைத் தூக்கப் போய் உங்க மேல ஏணி விழுந்துச்சு. அப்படித்தானே? உங்க மச்சான் கேஸுல அந்தம்மா இன்னிக்கு வந்து சாட்சி சொல்லிட்டாங்க. நல்லபடியா முடியப் போகுது. இதைக் குழப்பிக்க வேண்டாம் பாருங்க."

வர்த்தமானன் சுகுமாரியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். அவள் தம்பியின் பெயரை உதடு அசைத்துக்கூடச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தாழ்வாரத்தில் வள்ளி அழுதுகொண்டிருந்தாள். சுகுமாரி நடந்துபோய் அறைக் கதவை இன்னும் கொஞ்சம் திறந்துவைத்தாள். அழுகை நன்றாகக் கேட்டது.

"சார், நேத்து என்ன நாளு?" என்றார் வர்த்தமானன்.

"வெள்ளிக்கிழமை."

"நேத்து அமாவாசை. அமாவாசைக்கு இந்த ஊர்ல தறி ஓட்ட மாட்டாங்க. நூலத் தொட மாட்டாங்க. ஸ்டேஷன் வாசல்ல பூ விக்கறவங்களக் கேளுங்க, அவங்களே சொல்லுவாங்க. எங்க தெருவுல மட்டும் நேத்து ஓடுச்சு. ஊர் பூரா கேட்டிருப்பாங்க."

இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "அப்ப எதுக்கு ஓட்டினாங்க?"

"சத்தம் கேக்கக் கூடாதுன்னு. அந்த வேலைய நான்தான் அவங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன். தெனம் சாயங்காலம் இடைவேளையில."  எந்த வரிசையில் சொன்னால் கேட்பவருக்குச் சுலபமாகப் புரியும் என்று ஒரு கணம் யோசித்தார். "எழுதிக்குங்க சார். பேருங்க வருது. மொதல்ல என்னுது. அடுத்தது ஆதீஷ்."